வாயைக் கட்டச் சொன்ன மகனுக்கு

தங்கச்சிமடம்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

நீ துபாய் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. தினம் போனில் பேசத்தான் செய்கிறோம். ஆனால் நான் எதையாவது நீட்டிச் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்லி உன் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு, பாதியில் கூப்பிடாதே.

சித்தப்பா வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு மத்தியானப் பந்தி உனக்கு நினைவிருக்கும். பெரியம்மா இலைக்கு இரண்டாம் தடவை சோறு வைக்க வந்தார்கள். நீ எதிர் வரிசையில் இருந்துகொண்டு, "பெரியம்மாவுக்குப் போதும் போதும், வாயைக் கட்டுனா உடம்பு தானா இறங்கும்" என்றாய். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன்.

ரசத்துக்குக்கூட நிற்காமல் அவள் இலையை மூடிவிட்டு எழுந்தாளே, அதை நீ பார்க்கவில்லை. அன்றைக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் பாம்பனுக்கு மீன் ஏலம் எடுக்கப் போனவள் அவள். சூடை மீனும் நகரை மீனும் ஒரு சட்டி எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்துக் கைகால் கழுவிவிட்டு நேரே விசேஷ வீட்டுக்கு வந்தாள். அதுவரைக்கும் இரண்டு டீயும் ஒரு வடையும்தான். அந்த இலைச் சோறுதான் அன்றைக்கு அவளுக்கு முதல் சோறு. நீ போன பிறகு இரண்டு விசேஷம் வந்துவிட்டது. இரண்டிலும் அவள் பந்தியில் உட்காரவில்லை. "நான் பரிமாறுறேன்டி, நீ உட்காரு" என்று சாம்பார் வாளியைத் தூக்கிக்கொள்கிறாள்.

போன வாரம் இதை உன்னிடம் லேசாகச் சொன்னேன். "அக்கறையிலதானம்மா சொன்னேன். அவங்க உடம்பு அவங்க பொறுப்புதானே? உண்மையைச் சொன்னா தப்பா?" என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. வராததற்குக் காரணம், அந்தப் "பொறுப்பு" என்ற சொல்லை நானும் எத்தனையோ வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

1989-ல் நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது தொங்கு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு குப்பம் குப்பமாகப் போவேன். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்த குற்றம் ஒன்றே ஒன்று, பிள்ளை மெலிந்திருப்பது. "பிள்ளைக்கு என்னத்தைத்தான் கொடுக்கிறே?" என்று தாயைப் பிடித்துத் திட்டுவேன். வாடைக் காற்றில் பத்து நாளாக வத்தைப் படகு கடலுக்குப் போகவில்லை, அடுப்பு எரியவில்லை என்பது திட்டி முடித்த பிறகுதான் உறைக்கும். இப்போது அதே குப்பத்தில் அந்தப் பிள்ளைகளே தாயாகி வந்து நிற்கிறார்கள். எடை ஏறியிருக்கிறது. "என்னத்தைத்தான் தின்கிறே?" என்கிறோம். தராசு முள் எந்தப் பக்கம் போனாலும் திட்டு வாங்குவது ஒரே ஆள்தான் தம்பி.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள், கூட்டம் நெரிந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண், நல்ல உடம்புக்காரி, எடை மிஷினில் ஏறினாள். "இப்படியே போனா கவர்மெண்ட் மிஷினை நீதான் உடைக்கப் போறே" என்றேன். வரிசையே சிரித்தது. என்னைக் கேலிக்காரி, கலகலப்பான நர்ஸம்மா என்றுதான் ஊர் சொல்லும். எனக்கும் அதில் ஒரு பெருமை. அந்தப் பெண் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வேலை நெருக்கடியில் நானும் வீடு தேடிப் போகவில்லை. எட்டாம் மாதம் கால் முகமெல்லாம் வீங்கி, பிரஷர் எகிறி, ராத்திரியில் ஆட்டோவில் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம். பிள்ளை ஒன்றரைக் கிலோகூட இல்லை. பிறகு பார்க்கப் போனபோது, "ஏம்மா வரலை?" என்று கேட்டேன். "அந்த மிஷின்ல ஏறப் பயந்துக்கிட்டு வரலைக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னதும் "அக்கறையில்" சொன்னதுதான்.

சரி, பெரியம்மா கதைக்கு வருகிறேன். நானும் அவளும் இரண்டு வயது வித்தியாசம். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு. சொல்லப்போனால் வீட்டில் மீன் தலையும் நடுத்துண்டும் எனக்கு வந்துவிடும், நான் கடைக்குட்டி. வாலும் செதிலுமாக அவளுக்கு. நான் ஈர்க்குச்சி, அவள் இப்படி. இது எப்படி என்று எனக்கே வெகுநாள் புரியவில்லை. 1990-ல் கனடாவில் ஒரு பரிசோதனையை எழுதியிருக்கிறார்கள், நீ வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில்தான் படித்தேன். உருவம் மாறாத இரட்டையர் பன்னிரண்டு ஜோடி இளைஞர்களை மூன்று மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் தங்க வைத்து, எல்லாருக்கும் ஒரே அளவில், தேவைக்கு மேல் ஆயிரம் கலோரி கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் 4 கிலோ ஏறியிருக்கிறார், இன்னொருவர் 13 கிலோ. ஆனால் ஒரு ஜோடிக்குள் அண்ணன் தம்பி இருவரும் ஏறத்தாழ ஒன்றுபோல ஏறியிருக்கிறார்கள். வாய் ஒன்றுதான், தீனியும் ஒன்றுதான். வாங்கி வைத்துக்கொள்ளும் உடம்பு வேறு வேறு.

அதற்கும் முந்தி ஒன்று இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது பெரியம்மா உங்கள் அம்மாச்சி வயிற்றில் மூன்று மாதக் கரு. வீடு, வலை, வத்தை எல்லாம் போய், கட்டின சேலையோடு ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார்கள். அதன்பிறகு பல மாதம் கஞ்சித் தண்ணிதான் என்று அம்மாச்சி சொல்லும். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஒரு பஞ்சம் வந்தது. அந்தப் பட்டினியில் கருவாக இருந்தவர்களை, பத்தொன்பது வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது எடை பார்த்தார்கள். மூன்று லட்சம் பேர் கணக்கு. கருவின் முதல் பாதியில் பட்டினி கண்டவர்களில்தான் பருமனானவர்கள் அதிகம். கிடைக்காத காலத்தில் உருவான உடம்பு, கிடைத்ததைச் சேர்த்து வைக்கப் பழகிவிடுகிறது போலும். பெரியம்மாவுக்கு அதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பிறக்கும் முன்னே நடந்ததற்கு அவளைப் பொறுப்பாக்கிப் பந்தியில் கணக்குக் கேட்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

நீ கணக்குப் பிள்ளை, உனக்குக் கணக்கில் சொன்னால்தான் ஏறும். தேசியக் குடும்ப நல ஆய்வு என்று வீடு வீடாக எடுப்பார்கள். நம் தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடினவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 31 பேர். 2019-21-ல் எடுத்தபோது 40 பேர். ஆண்கள் 28-லிருந்து 37. நாலைந்து வருஷத்துக்குள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மனக்கட்டுப்பாடு கழன்று விழுந்துவிட்டதா? குணமா மாறியது? கடை மாறியது, வேலை மாறியது, தூக்கம் மாறியது. சின்ன வயதில் எங்களுக்குத் தின்பண்டம் என்றால் பனங்கிழங்கும் நுங்கும்தான், அதுவும் பருவத்துக்கு. இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. அரிசி 2011-லிருந்து ரேஷனில் இலவசம், பாமாயிலும் அங்கேயே மலிவு விலையில். ரேஷன் அரிசியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது, பசியைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் காய்கறி அந்த விலைக்கு வரவில்லையே.

அப்புறம், இதைக் கேள். நம் வீட்டில் சுகர் யாருக்கு? எனக்கு. பதினோரு வருஷமாக மாத்திரை தின்கிறேன். பெரியம்மாவுக்கு முழங்கால் வலியும் கொஞ்சம் பிரஷரும்தான், சுகர் இல்லை. புனே டாக்டர் யாஜ்னிக் என்பவரும் ஓர் ஆங்கிலேய டாக்டரும் தங்களையே அளந்து 2004-ல் படத்தோடு போட்டார்கள். உயரத்துக்கு எடை கணக்குப் பார்த்தால் இருவருக்கும் 22.3. உடம்புக்குள்ளே கொழுப்பு மட்டும் அவருக்கு 9 சதவீதம், நம்மவருக்கு 21. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு; நானும் அந்த ஜாதிதான். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது என் இலையைப் பார்த்து "ரெண்டாம் சோறு வேண்டாம், உனக்குச் சுகர்" என்று பந்தியில் சத்தம் போட்டதுண்டா? பாயசத்தை இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். "நீ எவ்வளவு தின்னாலும் ஒட்டாது" என்று பாராட்டு வேறு. உன் மாமா பீடியில் நெஞ்சடைப்பு வந்து கிடந்தாரே, அவர் வீடு திரும்பிய வாரமே தீப்பெட்டி நீட்டினவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பு பொறுப்பு என்று இந்த ஊர் கேட்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற உடம்பிடம் மட்டும்தான்.

அவள் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, மீன் விற்ற காசில் பவுடர் டப்பா வாங்கி, ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டுக் குடித்தாள். ஏழு கிலோ இறங்கியது. ஊரே கூப்பிட்டுப் பாராட்டியது. டப்பா வாங்கக் காசில்லாமல் நின்றதும் ஒன்பது கிலோ ஏறியது. "பார்த்தியா, கட்டுப்பாடு இல்லை" என்று பாராட்டின வாயே சொல்லியது. அமெரிக்காவில் டிவி போட்டிக்காக எடை குறைத்த பதினாலு பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறிவிட்டது. அவர்கள் உடம்பு, இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பயிற்சியாளர், டாக்டர் எல்லாரும் கூடவே இருந்தார்கள். இவளுக்கு டவுன் பஸ்தான். அதிலும் ஒரு கண்டக்டர், "ஆத்தா, இலவச டிக்கெட் ஒரு ஆளுக்குத்தான்" என்பாராம். அதனால் இப்போது தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு ஷேர் ஆட்டோவில் காசு கொடுத்துப் போகிறாள்.

2025-ல் நம் நாட்டுக்கும் எடை குறைக்கிற ஊசி வந்துவிட்டது, உனக்கே தெரிந்திருக்கும். வாரம் ஒன்று. போட்டவர்கள், சாப்பாட்டு நினைப்பே அடங்கிப் போகிறது என்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு ஊசியில் அடங்குகிறது என்றால், அதுவரை அவர்களைப் படுத்தியது பசிதானே? அதற்கு நாம் வைத்த பேர் என்ன, நாக்கு ருசி, சோம்பேறித்தனம், திமிர்.

உடம்பைப் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ காலையில் எழுந்து ஓடுகிறாய், எண்ணெயைக் குறைத்திருக்கிறாய், சந்தோஷம், அப்படியே இரு. ஆனால் உன் கம்பெனிக் கட்டடத்திலேயே ஜிம் இருக்கிறது, எட்டு மணி நேரம் ஏசியில் தூங்கி எழுகிறாய். அவள் தலையில் பத்துப் பதினைந்து கிலோ சட்டியோடு நாளைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்கிறாள். நீ மிஷினில் நடப்பதற்குப் பேர் உடற்பயிற்சி, அவள் நடப்பதை யாரும் எண்ணுவதில்லை. எனக்குச் சாயந்திர ட்யூட்டி இருந்த நாளெல்லாம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மீன் விற்றதும் அவள்தான். நீ மிச்சம் வைத்த சோற்றைக் கொட்ட மனசு வராமல் தட்டை வழித்துத் தின்றதும் அவள்தான். அதையும் அந்த எடையில் சேர்த்துக்கொள்.

அவளிடம் போனில் மன்னிப்புக் கேட்டுத் தொலைக்காதே. "என்னடா தம்பி, நான் மறந்தே போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு அழுவாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வீட்டில் பந்தி போடுவோம். அவள் பக்கத்து இலையில் நீ உட்கார். அவள் எழுந்திருக்கும் வரை நீ எழுந்திருக்காதே. வேறு ஒன்றும் பேச வேண்டாம்.

எதிர்வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை துபாய் வருகிறான், நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் சீலாக் கருவாடும் கொடுத்துவிட்டிருக்கிறேன். காயவைத்துக் கட்டியது பெரியம்மாதான். உப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறாளாம். உனக்குப் பிரஷர் வந்துவிடக் கூடாதாம்.

அன்புடன்
அம்மா