ரேடியத்தில் சிக்காத நிறை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈ = எம்சி² (ஆற்றல் = நிறை × ஒளிவேகத்தின் வர்க்கம்) பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதிய கையோடு சமன்பாடு நிரூபணமாகிவிட்டது போலச் சொல்கிறது. ஆய்வகச் சான்று கிடைக்க 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1905 செப்டம்பர் 27 அன்று 'அனாலன் டெர் ஃபிசிக்' என்ற ஜெர்மன் இயற்பியல் ஏட்டுக்குக் கிடைத்த அந்த ஆய்வுரை மூன்றே பக்கம். இன்று பனியன்களில் அச்சடிக்கும் வடிவம் அதில் கிடையாது. ஒரு பொருள் 'எல்' அளவு ஆற்றலைக் கதிர்வீச்சாக இழந்தால், அதன் நிறை எல்/வி² குறையும் என்பதே முடிவு. 'வி' ஒளியின் வேகம். ரேடியம் உப்புகளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்றும் ஐன்ஸ்டைன் கோடிகாட்டினார்.

அது ஏன் நடக்கவில்லை என்பதற்குக் கணக்கே பதில். பியர் கியூரியும் லபோர்டும் 1903-இல் அளந்தபடி, 1 கிராம் ரேடியம் மணிக்குச் சுமார் 100 கலோரி வெப்பம் தருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 37 லட்சம் ஜூல். ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் குறையும் நிறை 0.04 மைக்ரோகிராம்தான். அதே ஆண்டில் 0.43 மில்லிகிராம் ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகிறது. அது கசிந்தால் தராசு காட்டும் இழப்பு, நாம் தேடுவதைப் போல் பத்தாயிரம் மடங்கு! குப்பியை உருக்கி மூடினாலும், கண்ணாடிமேல் படியும் ஈரமே 0.04 மைக்ரோகிராமை விழுங்கிவிடும்.

முன்னோடிகளையும் கட்டுரை விட்டுவிட்டது. ஒளிக்கு மட்டும் இதே நிறை-ஆற்றல் உறவை 1900-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்காரே தொட்டிருந்தார். கதிர்வீச்சு நிரம்பிய பெட்டிக்கு 1904-இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் ஹாசனோர்ல் போட்ட கணக்கில், நிறை ஈ/சி² என்பதைப் போல் 8/3 மடங்கு என வந்தது. திருத்திய பிறகும் 4/3. வர வேண்டியது 1.

வழி திறந்தது கேம்பிரிட்ஜில். 1932-இல் காக்கிராஃப்டும் வால்டனும் லித்தியத்தைப் புரோட்டான்களால் (ஹைட்ரஜன் அணுக்கருக்களால்) தாக்கி, இரண்டு ஆல்ஃபா துகள்களாக (ஹீலியம் அணுக்கருக்களாக) பிளந்தார்கள். அவற்றின் ஆற்றல் 17.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு). நிறைக்குறைவிலிருந்து அவர்கள் கணக்கிட்டதோ 14.3, பிழை வரம்பு 2.7. சமன்பாட்டில் குறையில்லை, அன்றைய நிறை அளவுகள்தான் போதாதவை. இன்றைய அணுநிறை மதிப்புகளில் லித்தியம் 7.0160, ஹைட்ரஜன் 1.0078, கூட்டினால் 8.0238. இரண்டு ஹீலியம் 8.0052. வித்தியாசம் 0.0186 அணுநிறை அலகு, ஓர் அலகுக்கு ஈடான ஆற்றலான 931.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டால் பெருக்கினால் 17.3.

பிளஸ் டூ மாணவரே போட்டுப் பார்க்கக்கூடிய இந்தக் கணக்கை, கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

– இயற்பியல் ஆசிரியர், கும்பகோணம்