தரவை நகர்த்துமுன் அகராதியைத் திறந்து பாருங்கள்: மல்டிவேல்யூ மாற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

யூனிவெர்ஸ், யூனிடேட்டா, டி3, ரியாலிட்டி, ஜேபேஸ் என்று பிக் என்ற பழைய தரவுத்தள அமைப்பின் வழிவந்த, ஒரே புலத்தில் பல மதிப்புகளை வைக்கும் மல்டிவேல்யூ அமைப்புகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, வணக்கம்.

இத்தகைய திட்டங்களில் முதல் வாரமே தரவு ஏற்றுமதி தொடங்கிவிடுகிறது. கோப்பின் புலங்களை விவரிக்கும் அகராதிகள் "வெறும் ரிப்போர்ட் தலைப்பு" என்றும், கட்டளைகளை அடுக்கி எழுதிய ப்ராக்குகள் (PROC) "பழைய குப்பை" என்றும் ஒதுக்கப்படுகின்றன. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. மல்டிவேல்யூ கோப்பில் இருப்பது குறியெழுத்துகளால் பிரித்த ஒரு நீள்சரம் மட்டுமே: 254 என்ற பைட் புலத்தைப் பிரிக்கும், 253 மதிப்பை, 252 துணைமதிப்பை. அந்தச் சரத்துக்குப் பொருள் தருவது அகராதி. ஒரு புலத்தில் 20000 என்று இருந்தால் அது எண்ணா, 200.00 என்ற தொகையா, 2022 அக்டோபர் 3 என்ற தேதியா? 1967 டிசம்பர் 31-ஐச் சுழியமாகக் கொண்டு நாள் எண்ணுவது இந்த அமைப்புகளின் வழக்கம். எது என்பதைத் தரவு சொல்லாது.

பிக் பாணி அகராதிப் பதிவில் 2-ஆம் வரி புல எண், 7-ஆம் வரி கன்வர்ஷன் (காட்டும் வடிவுக்கு மாற்றும் குறியீடு), 8-ஆம் வரி கோரிலேட்டிவ் (வரிசைப்படுத்துமுன்பே மதிப்பைக் கணக்கிடும் குறியீடு), 9-ஆம் வரி ஒழுங்கு (இடது அல்லது வலது), 10-ஆம் வரி அகலம். இடறல் 7, 8, 9-இல்தான். 7-இல் உள்ள தேதிக் குறியீடு அச்சிடும்போது வேலை செய்கிறது. வரிசைப்படுத்தல் உள் எண்ணிலேயே நடக்கிறது. அதே குறியீட்டை 8-க்கு நகர்த்தினால் வரிசைப்படுத்துமுன்பே அது எழுத்தாகிவிடும். மே 2, ஏப்ரல் 10-க்கு முன்னால் வந்து நிற்கும். 9-இல் வலது என்றால் எண் வரிசை, இடது என்றால் எழுத்து வரிசை. இடது ஒழுங்கில் 100 வந்த பிறகுதான் 99 வரும். புதிய அமைப்பில் "ரிப்போர்ட் வரிசை தப்பு" என்று எழும் பல புகார்கள் இந்த ஓரெழுத்தைப் படிக்காததால் வருபவை.

ஒரே புல எண்ணுக்கு ஐந்தாறு பெயர்கள் இருப்பதைக் கண்டதும் நகல் என்று நீக்கிவிடாதீர்கள். ஒன்று தொகையாகக் காட்டும், இன்னொன்று வேறொரு கோப்பைத் திறந்து பெயரை எடுத்து வரும். பெயரை நீக்கினால் பிழைச் செய்தி வரும் என்றும் நம்ப முடியாது. கோப்பின் அகராதியில் இல்லாத சொல்லை அமைப்பு ஒரு கணக்கின் (account) கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் அடங்கிய எம்டி (MD) அல்லது வோக்கில் (VOC) தேடும். அங்கே அதே பெயரில் வேறு ஏதேனும் இருந்தால் அதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

எஃப் என்று தொடங்கும் கணக்கீட்டுக் கோரிலேட்டிவ்கள், எண்களுக்குப் பின் செயற்குறி வரும் பின்னொட்டு முறையில் எழுதப்பட்டவை. கழித்தலிலும் வகுத்தலிலும் எதிலிருந்து எது என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். ஒவ்வொன்றையும் தெரிந்த இரண்டு எண்களைக் கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

இனி ப்ராக். முதல் வரி பிக்யூ (PQ) என்றால் அளபுருக்களை, அதாவது கட்டளையோடு தரும் மதிப்புகளை, வெற்றிடம் பிரிக்கும். பிக்யூஎன் (PQN) என்றால் புலக்குறி பிரிக்கும். அந்த ஓரெழுத்தை மட்டும் மாற்றிவிட்டு ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எச் (H) என்று தொடங்கும் வரிகள் கட்டளையை ஒட்டி ஒட்டிச் சேர்க்கின்றன. சில எடிட்டர்கள் வரிக்கடைசி வெற்றிடங்களை வெட்டுவதால் இரண்டு சொற்கள் ஒன்றாகி நிற்கும். எத்தனை பெரிய ப்ராக்கும் அதில் கவிழும்.

மிக ஆபத்தான இடம் தேர்வுப் பட்டியல். ஒரு வரி பதிவுகளைத் தேர்ந்தெடுக்கிறது, அடுத்த வரி அவற்றின்மேல் வேலை செய்கிறது. தேர்வில் ஒன்றும் சிக்காவிட்டால் சில அமைப்புகளில் அடுத்த கட்டளை முழுக் கோப்பின்மேலும் பாயும். பழைய ப்ராக்குகளில் பிழை எண் 401 வந்ததா என்று பார்த்து வேறு வரிக்குத் தாவும் வரி இதற்காகத்தான். யூனிவெர்ஸில் ரிக்வயர்.செலக்ட் என்ற சொல் இதே காவலைச் செய்யும். மாற்றி எழுதும்போது "தேவையற்ற சோதனை" என்று முதலில் தூக்கப்படுவதும் அந்த வரிதான்!

கணக்கெடுப்பு எளிது. எம்டி அல்லது வோக் முழுவதையும் முதல் புலத்தின்படி பிரித்துப் பட்டியலிடுங்கள்: கோப்புச் சுட்டிகள், க்யூ சுட்டிகள் (வேறு கணக்கின் கோப்பைக் காட்டுபவை), ப்ராக்குகள், பாராகிராஃப்கள் (சேமித்த கட்டளைத் தொகுப்புகள்), வினைச்சொற்கள். யூனிவெர்ஸில், புதிய கணக்குக்கான இயல்பு வோக் பதிவுகள் உள்ள நியூஏசிசி (NEWACC) கோப்புடன் ஒப்பிட்டால், உங்கள் நிறுவனம் சேர்த்ததும் திருத்தியதும் மட்டும் மிஞ்சும். எம்டியில் உள்ள பல ப்ராக்குகள் ஒரே வரிதான். உண்மையான நிரல் வேறு கோப்பில் இருக்கும், அந்த வரி அங்கே தாவுகிறது. அந்தச் சங்கிலியைக் கடைசி வரை தொடராமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள். உள்நுழைந்ததும் தானாக ஓடும் லாகின் பதிவையும் விட்டுவிடாதீர்கள். ஆய்வுக்காக, கோப்பை நேரடியாகக் குறிக்கும் டி சுட்டியை வேறு கணக்குக்கு நகலெடுக்கவே வேண்டாம். அதில் கோப்பின் இருப்பிடமும் அளவும் எண்களாக உள்ளன, இரு கணக்குகள் ஒரே இடத்தைத் தமதென்று நினைத்தால் கோப்பு சிதையும். க்யூ சுட்டி போதும்.

ஏற்றுமதியில் ஒன்று. லத்தீன்-1 என்று கருதி யூடிஎஃப்-8க்கு மாற்றும் கருவி 254 என்ற ஒரு பைட்டை இரண்டாக்கிவிடும், புல எல்லை மறைந்துவிடும். முதலில் குறிகளைப் பிரியுங்கள், பிறகு எழுத்துக் குறியாக்கத்தை மாற்றுங்கள்.

அகராதிப் பட்டியலும் ப்ராக் சங்கிலியும் கையெழுத்தாகும் வரை அட்டவணை வடிவமைப்புக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பழைய கணக்கின் முழுச் சேமிப்பை, அகராதிகளோடு சேர்த்து, படிக்க மட்டும் இயலும் நிலையில் ஓர் ஆண்டுக் கணக்கு முடியும் வரையாவது வைத்திருங்கள். ஆண்டிறுதிக்கு மட்டுமே ஓடும் ப்ராக்குகள் அப்போதுதான் தலைகாட்டும்.