கேன்யன் ஊர் டிராயிங் டீச்சர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓவிய வகுப்பு உன் தலையில் விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். படத்தைப் பார்த்து வரையச் சொல்வதை விட்டால் வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப், பேர் வாங்குவதற்கு முன் டெக்சாஸில் டீச்சராக இருந்தபோது செய்ததையே செய்து பார்.

அமரில்லோ பள்ளிகளில் 1912 முதல் 1914 வரை வேலை பார்த்தபோது, மாணவர்கள் வாங்கியே ஆகவேண்டும் என்றிருந்த டிராயிங் புத்தகத்தை அந்த அம்மாள் ஏற்கவில்லை. 1916இல் பக்கத்துச் சிற்றூரான கேன்யனின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஏப்ரலில் நியூயார்க்கில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தபோதும் அவருக்குக் கேன்யனில் வாத்தியார் வேலைதான்.

அவர் கொடுத்த பயிற்சி ரொம்பச் சின்னது: ஒரு சதுரம் போடு, அதற்குள் எங்காவது ஒரு கதவை வை. வீட்டுச் சுவரில் ஜன்னலை எங்கே வைப்பது, கடித உறையில் முகவரியை எங்கே எழுதுவது என்பதெல்லாமே அவருக்கு இடத்தைப் பங்கிடும் கேள்விதான். அடிப்படை, ஓவிய ஆசிரியர் ஆர்தர் டவ்விடம் அவர் படித்த முறை: முதலில் கோடு, பிறகு கறுப்பு வெள்ளை, கடைசியில் நிறம்.

ஒரு தாளில் 8 செ.மீ. சதுரங்கள் ஆறு போடச் சொல். முதல் கதவு எல்லாருக்கும் நட்டநடுவில்தான் வரும். இரு பக்கமும் ஒரே அளவு வெற்றிடம் விழுவதால் கண்ணுக்கு அங்கே வேலையே இருக்காது. ஆறாவதுக்குள் தானாக நகரும். பிள்ளைகள் கைப்பிடி, தாழ்ப்பாள் என்று இறங்கினால் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு பிரஷும் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையும் கொடு. சாம்பல் நிறமே வேண்டாம்.

அவருடைய கேன்யன் நாட்களை நியூயார்க்குக்கான காத்திருப்பாக எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. 1917இல் வரைந்த 'ஈவனிங் ஸ்டார்' என்ற நீர்வண்ணப் பட வரிசையைப் பார்: வண்ணப் பட்டைகளுக்கிடையே வெறும் தாள் தெரியும். சதுரத்தில் கதவு வைத்த அதே கணக்குதான்.

நிறத்துக்கு வரும்போது நீயும் பட்டைகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விடச் சொல். பக்கத்துப் பட்டை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். கலக்கவேண்டுமென்றால் இரண்டும் ஈரமாக இருக்க வேண்டும். பாதி காய்ந்ததில் தண்ணீர் பட்டால் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய், பூக்கோசு ஓரம் போல உறைந்துவிடும். தாள் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனமாவது இல்லையென்றால் நெளியும், பள்ளங்களில் வண்ணம் தேங்கும். நான்கு ஓரமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டிவிடு.

தாள் என்றதும் ஒன்று. கேன்யனில் அவர் வரைந்தவை என்று சொல்லப்பட்ட 28 நீர்வண்ணப் படங்களை கான்சாஸ் சிட்டி அருங்காட்சியகம் ஒன்றுக்காக 1993இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 1999இல் வந்த அவருடைய முழுப் படைப்புப் பட்டியலில் அவை இல்லை. சில தாள்கள், 1918இல் அவர் ஊரைவிட்டுப் போன பிறகே தயாரானவை!

பிள்ளைகளின் சதுரங்களில் நாலைந்தை அனுப்பு. சுருட்டி அனுப்பு, மடித்தால் போஸ்டர் கலர் வெடித்து உதிரும்.

அன்புடன்,
உன் பழைய தோழன்