பட்டி திறப்பதற்கு முன்னால் வாருங்கள்

ஆட்டுக்குத் தடுப்பூசி போட ஊர் ஊராக வரும் கால்நடை மருத்துவர்களுக்கும், ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு கூடவே வரும் உதவியாளர்களுக்கும், எந்த ஊருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி அனுப்பும் மேலதிகாரிகளுக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, கடலோர ஊர் ஒன்றில் ஆடு வளர்க்கிறவள் நான். ஊர்ப் பெயரைப் போட்டால் யாரோ ஒருவருடைய வேலைக்கு உலை வைத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நான் கேட்கப்போவது நேரத்தைப் பற்றி மட்டும்தான். ஆனால் அதைச் சொல்ல ஆட்டுக் கதை முழுவதும் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும், மனிதர் திண்ணையில் கிடப்பார். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். நோட்டு, சீருடை, பெரியவளுக்குக் கல்லூரிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து வாசலில் நிற்கும். அப்போது ஒரு கிடாயைப் பிடித்துக் கொடுத்தால்தான் மூச்சு வரும். "வங்கியில போட்டா வட்டி, பட்டியில போட்டா குட்டி" என்பார் என் மாமியார். வட்டியைவிடக் குட்டி மேல் என்பது அவர் கட்சி. ஒரே மழையில் முதலும் போய்விடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நான் தொடங்கியது ஒரே ஒரு ஆட்டில். அதுவும் வாரத்துக்கு வாங்கியது. ஆடு அவர்களுடையது, மேய்ப்பு என்னுடையது, குட்டியில் ஆளுக்குப் பாதி. முதல் ஈற்றில் ரெண்டு போட்டது. கிடாய்க்குட்டி அவர்களுக்கு, பெட்டைக்குட்டி எனக்கு. கொடி ஆடு. வெள்ளை உடம்பில் கருப்பை அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும், எங்கள் பக்கம் கரும்போறை என்போம். சிவப்புத் தெளித்தது செம்போறை. நெடுநெடுவென்று, கொடி மாதிரி ஒல்லியாக, காலைத் தூக்கி உடைமரத்தில் சாத்திக்கொண்டு தழை பறிக்கும். உப்புக் காற்று, உவர்த் தண்ணீர், முள்ளுக்காடு எதற்கும் அசராது. அந்தப் பெட்டைக்குச் சிலுப்பி என்று பெயர். பிறகு என் பட்டியில் நின்றதெல்லாம் அவளுடைய பிள்ளைகள், பேத்திகள், கொள்ளுப் பேத்திகள்.

ஆடு ஈனுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துவிடும். மற்றதோடு சேராமல் மூலையில் நின்று மண்ணைக் காலால் பறிக்கும், நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். சிம்னி விளக்கு போய் இப்போது செல்போன் வெளிச்சம். மற்றபடி மாறவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து விழும் குட்டியின் மூக்கைத் துடைத்து, தொப்புளுக்கு மருந்து தடவி, கால் நிற்காத குட்டியை மடியில் கொண்டுபோய் வைத்துச் சீம்பாலைக் குடிக்க வைக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது உள்ளே போனால்தான் குட்டி தேறும். வால் படபடவென்று ஆட ஆரம்பித்துவிட்டால் பால் இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் கைகால் கழுவிவிட்டுப் படுக்கப் போனால் தூக்கம் வராது, சந்தோஷத்தில். என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இப்படி ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தாள். திட்டினேன், கேட்கவில்லை. பாஸாகிவிட்டாள், அது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அடையாளத்துக்குக் குட்டியின் காதைக் கொஞ்சம் வெட்டிவிடுவது வழக்கம். நல்ல கிடாய்க்குட்டி பிறந்தால் நான் காதைத் தொட மாட்டேன். பக்ரீத்துக்கு வாங்க வரும் பாய்மார் காது முழுசா, கொம்பு முழுசா, வயசு ஆயிற்றா என்று பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வருவார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக ஊட்டி வளர்த்த கிடாயை வண்டியில் ஏற்றும்போது நான் உள்ளே போய்விடுவேன். பணத்தை வீட்டுக்காரர் எண்ணி வாங்குவார். அழுவதும் உண்டு, அந்தப் பணத்தில் கம்மல் மீட்டதும் உண்டு. ஆடு வளர்க்கிறவளுக்கு இது ரெண்டும் ஒரே நாளில் நடக்கும்.

கோழியைப் பற்றி எழுதினால் மடல் நீண்டுவிடும். கருவாடு காயப்போட்ட இடத்தில் மேய்ந்த கோழி முட்டையில் வாடை வரும், குஞ்சுகளைச் செம்பருந்து தூக்கும், அவ்வளவு போதும்.

இப்போது அந்த ஐப்பசிக்கு வருகிறேன். ரெண்டு வருடம் ஆகிறது.

அதற்கு முந்தின புரட்டாசியில் எங்கள் ஊருக்குத் தடுப்பூசி முகாம் வந்தது. வந்தது உண்மை, மறுக்கவில்லை. வந்தபோது மணி பதினொன்று. அந்த நேரத்தில் என் பதினேழு ஆடும் பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் கருவேல நெற்று பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றோடு என் மாமியார். நான் நூறு நாள் வேலையில், ஊருணிக் கரையில் மண்வெட்டியோடு நின்றேன். தெருவில் கட்டிக் கிடந்த ஏழெட்டு ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று மத்தியானம் வந்தபோது சொன்னார்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளிக்குக் கறி போட ஒருவர் சந்தையிலிருந்து ஆடு பிடித்து வந்து எங்கள் தெருமுனையில் கட்டினார். அதில் ஒன்று மூக்கொழுகி நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது. நாலைந்து நாளில் என் தோட்டுக்காரிக்குக் காய்ச்சல். கழுத்தில் ரெண்டு சதை தொங்கும், அதனால் அந்தப் பெயர். கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் தவிடு ஒட்டின மாதிரிப் புண். பிறகு இருமல், கழிச்சல். கஞ்சி ஊற்றினேன், உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் புகட்டினேன். வாய்ப்புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவினேன். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போட்டோம், வண்டி வந்தது. வந்த டாக்டர் தம்பி சின்ன வயசு. ஒளிக்காமல் சொன்னார்: "அக்கா, இது ஆட்டுக்கொல்லி. வந்த பிறகு இதுக்கு மருந்து கிடையாது. கூடச் சேர்ற சளிக்கும் கழிச்சலுக்கும்தான் நான் ஊசி போட முடியும்."

ஒன்பது நாளில் பதினோரு ஆடு. சிலுப்பி எட்டாவது நாள் போனாள். அவள் மகளுக்கு வயிற்றில் ரெண்டு குட்டி இருந்தது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் கடற்கரை மணலில் குழி தோண்டுவது சுலபம். நாய்க்கும் சுலபம். அதனால் இடுப்பளவு தோண்டி, சுண்ணாம்பு போட்டு, மேலே சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மூடினோம். அடுத்தடுத்த நாளும் அதே வேலை. கடைசியில் மண்வெட்டி எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கக் கூசி, வீட்டுக்காரர் அதைப் பட்டி ஓரத்திலேயே சாத்தி வைத்துவிட்டார்.

அந்த டாக்டர் தம்பி கை கழுவும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த நோய் நம் நாட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே தமிழ்நாட்டில்தானாம், 1987இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அங்கே எடுத்த கிருமியை வைத்தே இங்கே தடுப்பூசியும் செய்தார்களாம். ஒரு தடவை ஒழுங்காகப் போட்டால் மூன்று வருடமாவது தாங்கும் என்றார். அந்தக் காலத்தில் மாட்டை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும் இதுவும் ஒரே குடும்பம். வெக்கை உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது என்று 2011இல் அறிவித்தார்கள், ஆட்டுக்கொல்லிக்கு 2030 என்று குறி வைத்திருக்கிறார்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "வெக்கையே போயிருச்சா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவருடைய அப்பா வீட்டு உழவு மாடு ஒரு ஜோடி அந்த நோயில்தான் போனது.

ஆக, மருந்து இருக்கிறது. நம் மண்ணிலேயே செய்தது. காசும் வாங்குவதில்லை. நீங்களும் வருகிறீர்கள். மருந்தும் ஆடும் சந்திக்கிற நேரம் மட்டும்தான் தப்பிப் போகிறது.

ஆட்டுக்கென்று ஒரு மணிக்கணக்கு உண்டு. விடிந்தவுடன் நாங்கள் பட்டியைத் திறப்பதில்லை. பனி உலராத புல்லின் நுனியில் புழுக்குஞ்சு ஏறி நிற்கும், அதைத் தின்றால் வயிற்றில் பூச்சி. அதனால் ஈரம் காய எட்டரை, ஒன்பது ஆகும். மழை நாளில் பத்து. பால்குடிக் குட்டிகளைக் கொடாப்பில் போட்டு மூடிவிட்டு மற்றதை ஓட்டிக்கொண்டு போனால், திரும்புவது பொழுது சாயத்தான். காலை ஆறிலிருந்து எட்டரை வரை ஊரில் உள்ள அத்தனை ஆடும் தட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். பிடிக்க ஓட வேண்டாம். நாங்களும் வேலைக்குக் கிளம்பியிருக்க மாட்டோம்.

மருந்துக்கும் அதுதானே நல்லது? பொடியைக் கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். பதினோரு மணி வெயிலில் ஒரு புட்டியை உடைத்துவிட்டு, எட்டு ஆட்டுக்குப் போட்டபின் மிச்சத்தை என்ன செய்வீர்கள்? விடியற்காலை வந்தால் ஒரு தெருவிலேயே புட்டி காலியாகும்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. ஒரு மருத்துவருக்குப் பல ஊர். மருந்தகத்தில் ஐஸ் எடுத்து, வண்டி பிடித்து, எங்கள் மணல் பாதையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு வர நேரமாகிறது. ஆறு மணிக்கு வரச் சொன்னால் அந்த உதவியாளர் அம்மா மூன்றரை மணிக்கு எழுந்து வீட்டுச் சமையலை முடிக்க வேண்டும். அதனால்தான் இந்த மடலை மேலே இருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அன்றைக்கு விடியலில் வேலை பார்த்தால் மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். மூன்று வருடம் தாங்கும் ஊசி இது. இடையில் பிறந்த குட்டிகளுக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு விடியல்.

மாதமும் முக்கியம். ஊசி போட்டு உடம்பில் பிடிக்க ரெண்டு வாரமாவது வேண்டுமாம். ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கும்போது வந்தால் பிந்திவிடும், ஆவணியில் வாருங்கள். துள்ளுமாரி என்கிற குடல்நோய்க்குப் போடும் ஊசியும் மழைப்புல் முளைப்பதற்கு முன்னால்தானே? ஒரே பயணத்தில் எது எதைச் சேர்க்கலாம் என்பது நீங்கள் படித்தது, நான் சொல்லக் கூடாது.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கவில்லை. ஊசி போட்டால் சினை கலையும் என்று பயந்து ஆட்டைக் காட்டுக்குள் ஓட்டிவிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நிறைசினை ஆட்டை முரட்டுத்தனமாகப் பிடித்துத் தள்ளினால் கலையும், அது ஊசியின் குற்றமில்லை என்று நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். சந்தை ஆட்டைக் கொண்டுவந்ததும் மந்தையில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியாகக் கட்ட வேண்டும் என்பதையும் அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். முந்தின நாள் சாயங்காலம் பள்ளிவாசல் மைக்கிலும் மாதா கோயில் மைக்கிலும் ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்கே எட்டும். ஏலக்கூடத்தில் சொன்னால் ஆம்பிளைகள் காதில் விழும், வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடுவார்கள்.

மிச்சமிருந்த ஆறு இப்போது பத்து ஆகியிருக்கிறது. சிலுப்பியின் கொள்ளுப் பேத்தி ஒருத்தி இந்த மாதம் ஈனுவாள், அவளுக்கு மட்டும் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

வரும் அன்றைக்கு என் பட்டியிலிருந்தே தொடங்கலாம். தார் ரோட்டிலிருந்து கடலைப் பார்த்து வந்தால் பனை வரிசை முடிகிற இடத்தில், பச்சை மீன்வலை கட்டிய பட்டி. நாய் குரைக்கும், கடிக்காது. ஒவ்வொன்றாக நானே பிடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பத்து ஆட்டுக்காரி,
மன்னார் வளைகுடாக் கரை, இராமநாதபுரம் மாவட்டம்.