தருமபுரிக்குக் கேள்வித்தாளோடு மாணவர்களை அனுப்பும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

உளவியல், கல்வியியல், சமூகப்பணி, செவிலியர் கல்வி என்று பல துறைகளில் ஆய்வு மாணவர்களுக்குக் கைடாக இருக்கிறீர்கள். நான் பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. உங்கள் மாணவர்கள் எங்கள் பள்ளிக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் டேட்டா எடுக்க அடிக்கடி வருகிறார்கள். வளரிளம் பெண்களின் தன்மதிப்பு, விவசாயப் பெண்களின் மனச்சோர்வு, பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் படும் மன அழுத்தம் என்று நல்ல தலைப்புகளோடுதான் வருகிறார்கள். வரவேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கட்டாயம் வரவேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஜனங்களின் பதில்களை எண்ணத் தொடங்குவதற்கு முன்னால், உங்கள் கேள்விகளை எங்கள் ஜனங்களிடமே சோதித்துப் பாருங்கள்.

அதிகம் கொண்டுவரப்படும் கேள்வித்தாள் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. அமெரிக்காவில் ஆரம்ப சிகிச்சை மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து, 2001இல் குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் அதன் ஏற்புடைமையை, அதாவது அளக்க வேண்டியதைத்தான் அது அளக்கிறது என்பதைக் காட்டினார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டியவர் என்பது வழக்கம். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. அதை இங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

காட்டோரம் இருக்கும் ஊர்களில் ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் ஆண்களும், பல வீடுகளில் பெண்களும், ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறார்கள். யானை வரும், காட்டுப்பன்றி வரும். பரணில் டார்ச்சும் பட்டாசுமாக உட்கார்ந்திருந்துவிட்டு விடிந்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஓர் அம்மாவிடம் "கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் வராமலோ, அதிகமாகத் தூங்கியோ சிரமப்பட்டீர்களா?" என்று கேட்டால் "தினமும்தாங்க" என்பார். 3 மதிப்பெண். சோர்வாக இருந்ததா? தினமும்தான். இன்னொரு 3. நேரத்துக்குச் சாப்பிடவில்லை, அதற்கும் 2 போகும். ராகி அறுப்புக்கு முன்னாலேயே அவர் 8இல் நிற்கிறார். அறுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வேறு எண் வரும். இப்போது சொல்லுங்கள், அந்தத் தாள் அளந்தது அவர் மனச்சோர்வையா, யானையையா?

தண்ணீர் விஷயமும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அதற்கு முன்னால் பல வருடம் அந்த போர்வெல் தண்ணீரே குடித்து வளர்ந்தவர்களில் பலருக்கு மூட்டு வலியும் முதுகு விறைப்பும் இன்னமும் இருக்கிறது. பிஎச்க்யூவின் எட்டாவது கேள்வி, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நடக்கிறீர்களா, பேசுகிறீர்களா என்று கேட்கிறது. முழங்கால் மடங்காத ஒரு பெரியவர் வேறு என்ன சொல்வார்? ஒரே அளவு மனத்துயரம் உள்ள இரண்டு பேரில், உடம்பின் காரணமாகவோ ஊரின் காரணமாகவோ ஒருவருக்கு மட்டும் ஒரு கேள்வியில் மதிப்பெண் ஏறினால், அந்தக் கேள்வி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியலில் வழி இருக்கிறது, உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் எடுத்த டேட்டாவில் அதைச் செய்து பார்த்ததாக என்னிடம் வந்த ஆய்வறிக்கை எதிலும் நான் படித்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் நடப்பது இன்னும் கவலை தருகிறது. ரோசன்பர்க்கின் தன்மதிப்பு அளவுகோல் 1965இலிருந்து உலகம் முழுக்கப் புழங்குவது. பத்து வாக்கியங்கள், ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. ஒரு முறை ஓர் ஆய்வாளர் என் பதினொன்றாம் வகுப்புப் பெண்களைத் தனித்தனியாக உட்காரவைத்து வாசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் அதிகமாக எதுவும் இல்லை." அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு "இல்ல மிஸ்" என்றாள். ஆய்வாளர் 'உடன்படவில்லை' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அவள் சொன்னது, ஆமாம், என்னிடம் பெருமைப்பட எதுவும் இல்லை என்பது. தாளில் ஏறியது அதற்கு நேர் எதிரானது. தன்மதிப்பு குறைந்து நிற்கும் பிள்ளை, தன்மதிப்பு மிகுந்தவளாக உங்கள் அட்டவணைக்குள் போய்விட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது. கணினியில் ஏற்றுபவருக்கு எப்படித் தெரியும்?

இப்படி எதிர்மறை வாக்கியங்களில் குழப்பம் வந்தால், நம்பகத்தன்மைக்குக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் இறங்கும். அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். 0.7க்குக் கீழே இருக்கிறது என்று அந்த வாக்கியங்களை எடுத்துவிட்டு மறுபடி போடுகிறார்கள், எண் ஏறிவிடுகிறது, 'நம்பகத்தன்மை உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். 1951இல் கிரான்பாக் கொடுத்தது, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஓர் எண். கேள்வி அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பதற்கு அது பதில் சொல்லாது. எல்லா வாக்கியமும் ஒரே திசையில் இருந்து, அலுத்துப்போன பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தாலும் ஆல்ஃபா அழகாக உயரும். எங்கள் வகுப்பறையில் அதுதான் நடக்கிறது. ஒரு பெஞ்சில் மூன்று பேர், ஒரே பீரியடில் நான்கு கேள்வித்தாள், தாளின் தலையில் பெயரும் வகுப்பும், அதற்குக் கீழேயே 'உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்' என்று ஒரு வரி. பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்க்கிறாள், நான் வாசலில் நிற்கிறேன். வீட்டில் சண்டை உண்டா என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை உண்மையை எழுதுவாளா?

இதில் என்னால் பொறுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பிஎச்க்யூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ நினைத்ததுண்டா என்று கேட்கிறது. ஒரு பிள்ளை அதில் 'ஏறக்குறைய தினமும்' என்று டிக் அடித்தால், அந்தத் தாள் மற்றத் தாள்களோடு கட்டாகக் கட்டி உங்கள் ஊருக்குப் போய்விடுகிறது. டேட்டா ஏற்றும்போது யாராவது பார்த்தால் உண்டு. அவ்வளவு நாள் அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்குத்தான் வந்து போய்க்கொண்டிருக்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்பதாக இருந்தால், வகுப்பை விட்டுப் போவதற்கு முன்னால் எல்லாத் தாளிலும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போங்கள். இதற்கு நேரமில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

சரி, சோதித்துப் பார்ப்பது என்றால் என்ன செய்யச் சொல்கிறேன்? புதிதாக ஒன்றும் இல்லை. 1980களிலேயே கருத்துக்கணிப்பு செய்பவர்களும் அறிதல் உளவியல் படித்தவர்களும் சேர்ந்து காக்னிட்டிவ் இன்டர்வியூ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பதில் சொல்பவர் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், நினைவிலிருந்து எடுக்க வேண்டும், எடைபோட வேண்டும், கடைசியில் உங்கள் கட்டத்துக்குள் பொருத்த வேண்டும் என்று 1984இல் டூரான்ஜோ (Tourangeau) என்ற ஆய்வாளர் நான்கு படிகளைப் பிரித்துக் காட்டினார். எந்தப் படியில் வழுக்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு பத்துப் பதினைந்து பேரோடு தனித்தனியாக உட்காருங்கள். கேள்வியைக் கேட்டதும், "இதை உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். 'தினமும்' என்றாரா, எந்த நாளை நினைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். 'கடந்த இரண்டு வாரம்' என்பதைவிட 'போன அமாவாசையிலிருந்து' என்பது நினைவைப் பிடிக்க உதவுகிறதா என்று பாருங்கள். உங்களை யார் என்று நினைத்தார் என்பதையும் கேட்டுவிடுங்கள். ரிஜிஸ்டரோடு வருபவரை உதவித்தொகைக்குக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்தால் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார்கள், கடன் கொடுத்த கம்பெனி ஆள் என்று நினைத்தால் "நல்லா இருக்கோம்" என்பார்கள்.

தமிழாக்கத்தைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்தோம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அதைச் செய்கிற இரண்டு பேரும் ஆங்கிலம் படித்தவர்கள், தேய்ந்த புத்தகத் தமிழையும் அவர்கள் சரியாகவே திருப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மனசு நோவதைச் சொல்லும் விதமே வேறு. "ஒரே யோசனையா இருக்கு", "சோறு இறங்கல", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்பார்கள். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவரோடு இருந்தவர்களும் அந்த ஊர் ஷோனா மக்கள் தங்கள் துயரத்தைச் சொல்லும் விதத்திலிருந்தே 14 கேள்விகளை உருவாக்கி 1997இல் வெளியிட்டார்கள். 'அதிகமாக யோசிப்பது' அவர்களிடமும் முக்கியமான அறிகுறி. அந்த நாட்டுத் தலைநகர் ஹராரேயில் முடிந்தது தருமபுரியில் ஏன் முடியாது? ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. அங்கே இந்த வேலை இன்னும் கூடுதலாகத் தேவை.

ஆய்வு மாணவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பஸ் ஏறி, வெயிலில் அலைந்து, சாம்பிளை நிரப்ப வேண்டிய நெருக்கடியில் இருக்கிறார்கள். முடிவு உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. கேள்வித்தாளை இங்குள்ளவர்களிடம் சோதித்த குறிப்பு, எந்தக் கேள்வியை ஏன் மாற்றினோம் என்ற விவரம், ஒன்பதாவது கேள்விக்கு என்ன ஏற்பாடு என்பது மூன்றும் இல்லாமல் டேட்டா எடுக்க அனுமதி தராதீர்கள். ஆய்வு முடிந்ததும் என்ன கண்டீர்கள் என்று இரண்டு பக்கம் தமிழில் எழுதி எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள்.

பொதுத்தேர்வு மாதங்களில் வரவேண்டாம். ஆகஸ்டில் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் வந்தால் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் நேரம் இருக்கும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேச நூலக அறையை ஒதுக்கித் தரச் சொல்லி நானே கேட்கிறேன்.

அன்புடன்,
பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை