வெட்டிய படமும் விட்டுப்போன பெயரும்

ஆசிரியருக்கு,

புனித வெள்ளி இணைப்பில் இயேசு கெத்செமனே தோட்டத்தில் பாறை மேல் கைகளைக் கோத்து ஜெபிக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடியில் 'பழங்கால ஓவியம்' என்று மட்டும் போட்டு முடித்துவிட்டீர்கள். அது அவ்வளவு பழங்காலம் ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது, வரைந்தவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மான் என்ற ஜெர்மானியர்.

எங்கள் வீட்டுப் பட்டாசாலையிலும் இதே படம்தான் தொங்கியது. கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, பின்னால் இருட்டில் தூங்கும் சீடர்கள் அழிந்தே போய்விட்டார்கள், அவர்கள் அங்கே இருந்ததே எனக்கு வெகுகாலம் தெரியாது. ஆச்சி அதை ரோமாபுரிப் படம் என்பார். ஹோஃப்மான் ரோமில் சில வருடம் இருந்தவர்தான், ஆனால் பிறந்தது டார்ம்ஸ்டாட்டில் (1824), படித்தது டுசல்டார்ஃப் கலைக்கழகத்தில், பிறகு டிரெஸ்டனில் பேராசிரியராகி 1911-இல் அங்கேயே காலமானார். கெத்செமனேயை வரைந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

சரி, பெயர் விட்டுப்போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படத்தை வெட்டுவதுதான் எனக்கு ஆகவே ஆகாது. காலண்டரிலும் ஜெபப் புத்தக அட்டையிலும் வருகிற அந்தச் சாந்தமான இயேசு முகம் இருக்கிறதே, அது ஹோஃப்மான் தனி முகமாக வரைந்ததே அல்ல, 1889-இல் வரைந்த 'இயேசுவும் பணக்கார வாலிபனும்' என்ற பெரிய ஓவியத்திலிருந்து வெட்டி எடுத்தது. முழுப் படத்தில் இயேசு அந்த வாலிபனைப் பார்த்தபடியே கையை ஏழைகள் பக்கம் நீட்டிக் காட்டுகிறார். பட்டும் நகையுமாக நிற்கிற அவனோ அந்தப் பக்கம் திரும்பாமல் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான். உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று சொல்லும் இடம் அது. வெட்டியவர்கள் வாலிபனையும் ஏழைகளையும் நீட்டிய கையையும் சேர்த்தே எடுத்துவிட்டு முகத்தை மட்டும் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள், சட்டம் போட்டு மாட்ட அதுதான் வசதி போலிருக்கிறது!

ஆலயத்தில் வேதபாரகர்கள் (யூத வேத அறிஞர்கள்) நடுவே நிற்பதாக ஹோஃப்மான் வரைந்த சிறுவன் இயேசுவுக்கும் இதே கதிதான். கிழவர்கள் போய்விட்டார்கள், பையன் முகம் மட்டும் மிச்சம். அதன் மூல ஓவியம் டிரெஸ்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன மற்ற இரண்டும் நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் இருக்கின்றன.

கிறிஸ்துமஸ் இணைப்புக்கு எந்தப் படத்தை எடுத்தாலும் ஓரம் வெட்டாமல் முழுதாகப் போடுங்கள், சின்ன எழுத்திலாவது வரைந்தவர் பெயரும் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி