பாதையில் வந்த தடுப்பூசிப் பெட்டி

ஆசிரியருக்கு,

வறிய நாடுகளுக்கான தடுப்பூசித் திட்டமென்றால் எத்தனை இலட்சம் ஊசிகள் என்ற கணக்குத்தான் முன்னுக்கு நிற்கிறது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிலாந்துறைக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) வரும்போது ஒரு மருத்துவமாதுவைப் பார்த்தேன். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்து, தன் குடையைப் பெட்டிக்குப் பிடித்திருந்தார். அவர் தோளிலே வெயில். பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். சிலவற்றை உறையவிட்டாலும் பழுது.

2000இல் தொடங்கிய 'காவி' (Gavi) என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணி வறிய நாடுகளுக்கு ஊசிகளை மலிவாக்கியது பெரிய காரியம். ஆனால் ஊசி துறைமுகத்துக்கு வந்தால் போதுமா? கிராமத்துக்குச் சூரியசக்திக் குளிர்சாதனப்பெட்டி, அதைத் திருத்த ஆள், அந்த மாதுவின் பயணச்செலவு: இவற்றுக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

ஒரு தாய்,
படுவான்கரை, மட்டக்களப்பு.